தீ எரியும் இடத்தில் தொடங்க வேண்டிய கணக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குப் போய் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். ஒரு மாநிலத்தின் தொழிற்சாலைகள் எரிபொருளை எரிப்பதால் வெளியேறும் கரியமில வாயு எவ்வளவு என்பதை யார், எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒவ்வொரு புகைபோக்கியிலும் கருவி வைத்து அளக்கிறார்களா? அதே முறையைப் பின்பற்றிப் பாலக்காடு மாவட்டத்துக்கு மட்டும் ஒரு கணக்கைத் தன்னால் எழுத முடியுமா? கஞ்சிக்கோடு, வாளையார்ப் பகுதி ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்து பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கேரள – தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கிறோம் என்பதுதான் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குகிறது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் புகைபோக்கி. அதிக மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்களின் புகைபோக்கிகளில் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அளவுகளை இணையவழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. ஆனால் அவை தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள் போன்றவற்றைக் கண்காணிப்பதற்கானவை. கரியமில வாயுவைக் கணக்கிடப் புகைபோக்கிக்கு ஏறவேண்டிய தேவையே இல்லை. தூசி எவ்வளவு வெளியேறும் என்பது வடிகட்டியைப் பொறுத்தது; நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு உண்டாகும் என்பது தீயின் வெப்பநிலையைப் பொறுத்தது; கரியமில வாயுவோ எரிபொருளுக்குள் இருந்த கரியை, அதாவது கார்பனை மட்டும் பொறுத்தது. 12 கிலோ கரி முழுமையாக எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறியே தீரும். உள்ளே போனதைச் சரியாக எடைபோட்டால் வெளியே போனது தெரிந்துவிடும். உலகம் முழுவதும் நாடுகள் தங்கள் கணக்கை இப்படித்தான் எழுதுகின்றன. அதற்கான நெறிமுறைகளைக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு, அதாவது ஐபிசிசி, 2006-இல் வெளியிட்டு, 2019-இல் செம்மைப்படுத்தியது.

கணக்கின் அடிப்படை மூன்று எண்களின் பெருக்கல்: எரித்த எரிபொருளின் எடை, ஒரு டன் எரிபொருளிலிருந்து கிடைக்கும் நிகர வெப்பம் (நீராவியோடு போய்விடும் வெப்பத்தைக் கழித்தது), அந்த வெப்பத்தின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியேறும் வாயு. மூன்றாவது எண்ணைத்தான் உமிழ்வுக் காரணி என்கிறோம். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கட்டியைச் சூடாக்கி உருட்டும் ரோலிங் மில் ஒன்று ஒரு மாதத்தில் 100 கிலோலிட்டர் ஃபர்னஸ் ஆயில் என்ற கனமான உலை எண்ணெயை எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 95 டன். ஐபிசிசி தரும் பொது மதிப்பின்படி ஒரு டன் ஃபர்னஸ் ஆயிலின் நிகர வெப்பம் 40.4 ஜிகாஜூல் (நூறு கோடி ஜூல் ஒரு ஜிகாஜூல்), ஒரு ஜிகாஜூலுக்கு வெளியேறும் கரியமில வாயு 77.4 கிலோ. மூன்றையும் பெருக்கினால் சுமார் 297 டன் வருகிறது. எரித்ததைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள வாயு காற்றில் கலக்கிறது என்பதைக் கேட்டு முதலில் திகைக்காதவர் குறைவு. காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜனின் எடைதான் அந்த வேறுபாடு. இயற்கை எரிவாயுவுக்கு அதே காரணி 56.1, சமையல் வாயுவுக்கு 63.1, டீசலுக்கு 74.1, எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் திட எரிபொருளான பெட்கோக்குக்கு 97.5. பாலக்காடு மாவட்டத்தின் கூற்றநாடு வழியாகச் செல்லும் கொச்சி – மங்களூரு எரிவாயுக் குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டபோது எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்ததற்குக் காரணம் இந்த எண்கள்தாம்: அதே வெப்பத்துக்கு ஃபர்னஸ் ஆயிலைவிடக் கால் பங்குக்கும் மேல் உமிழ்வு குறைகிறது.

எண்ணெய்க்கும் வாயுவுக்கும் இந்தப் பொது மதிப்புகள் பெரிதாக ஏமாற்றுவதில்லை. நிலக்கரிதான் ஏமாற்றும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி மொத்த வெப்பமுள்ள உள்நாட்டு நிலக்கரியின் ஒரு டன் சுமார் 1.5 டன் கரியமில வாயுவைத் தரும். 6,000 கிலோகலோரி உள்ள இறக்குமதி நிலக்கரியின் ஒரு டன் சுமார் 2.25 டன் தரும். ‘நிலக்கரி, இத்தனை டன்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைக் கொண்டு கணக்கிடுகிறவர் பாதிக்குப் பாதி தவறக்கூடும். 2012 முதல் நம் நாட்டில் நிலக்கரி மொத்த வெப்ப மதிப்பின் அடிப்படையில் தரம் பிரிக்கப்படுவதால், வாங்கிய பில்லில் தரம் குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடிப் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு குழிகள் இருக்கின்றன. பில்லில் இருப்பது மொத்த வெப்ப மதிப்பு. ஐபிசிசியின் காரணிகளோ நிகர வெப்ப மதிப்புக்கு உரியவை. இரண்டையும் அப்படியே பெருக்கினால் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் சுமார் 5 விழுக்காடும், வாயுவுக்குச் சுமார் 10 விழுக்காடும் கூடுதலாக வந்துவிடும். இரண்டாவது, ஆய்வுக்கூடச் சான்றில் இருப்பது பெரும்பாலும் காற்றில் உலர்த்திய நிலக்கரியின் மதிப்பு. ஆலை எடைமேடையில் நிறுத்ததோ லாரியில் வந்த ஈரத்தோடு கூடிய நிலக்கரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை உள்ளே வரும் ஜூன், ஜூலை மாதங்களில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இனி மாநிலக் கணக்குக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆலையின் பதிவேட்டையும் புரட்டுவதற்கு யாருக்கும் ஆள்பலம் இல்லை என்பதால், கணக்கு எழுதுகிறவர்கள் இரண்டு திசைகளிலிருந்து வருகிறார்கள். மேலிருந்து வருகிறவர்கள் விற்பனைப் புள்ளிவிவரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு மாநிலவாரியாக டீசல், ஃபர்னஸ் ஆயில், சமையல் வாயு, பெட்கோக் முதலியவற்றின் விற்பனையை வெளியிடுகிறது, நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அமைப்பு நிலக்கரி எங்கே அனுப்பப்பட்டது என்பதைத் தொகுக்கிறது. கீழிருந்து வருகிறவர்கள் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிற்சாலைகள் ஆண்டு ஆய்வை நாடுகிறார்கள்; அதில் ஆலைகள் தாங்கள் வாங்கிய மின்சாரம், நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றைத் தெரிவிக்கின்றன. இரண்டு திசையிலிருந்தும் வரும் எண்கள் நடுவில் சந்திக்க வேண்டும். நடைமுறையில் அவை அரிதாகவே சந்திக்கின்றன.

விற்பனைப் புள்ளிவிவரத்தில் உள்ள குறை நம் பகுதியில் கண்ணுக்கே தெரியும். எரிபொருள் எந்த மாநிலத்தில் விற்கப்பட்டதோ அந்த மாநிலத்தின் நுகர்வாக அது எழுதப்படுகிறது. டீசலும் பெட்ரோலும் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வராததால் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைத் தனியாகப் போடுகிறது. 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்த்தது. வாளையாரைத் தாண்டித் தமிழ்நாட்டின் க.க.சாவடிப் பக்கம் போய் டேங்க் நிரப்பிக்கொண்டு திரும்பும் லாரிகளை இங்கே பார்க்காதவர் இல்லை. அந்த டீசல் தமிழ்நாட்டின் கணக்கில் ஏறி, கேரளத்தின் காற்றில் எரிகிறது. ஒரு லாரிக்கு இது அற்பம். ஜெனரேட்டருக்கும் குவாரி இயந்திரத்துக்கும் பேரலில் கொண்டுவரும்போது அற்பமல்ல.

தொழிற்சாலை டீசலுக்கு இன்னொரு மறைவிடமும் உண்டு. 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலை தனியாக உயர்த்தப்பட்டபோதும், 2022 மார்ச்சில் அவர்களுக்கான விலை ஒரே நாளில் லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் கூடியபோதும், ஆலைகளும் பேருந்து நிறுவனங்களும் பெட்ரோல் பங்குக்குப் போய் வாங்கத் தொடங்கின. பங்கில் ஊற்றிய டீசல் புள்ளிவிவரத்தில் சில்லறை விற்பனையாகிவிடுகிறது. அது பாய்லருக்குப் போனதா, பஸ்ஸுக்குப் போனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 2014-இல் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று டீசலில் 70 விழுக்காடு போக்குவரத்துக்கும், 13 விழுக்காடு வேளாண்மைக்கும், எஞ்சியது தொழில், ஜெனரேட்டர், செல்பேசிக் கோபுரம் முதலியவற்றுக்கும் போவதாகக் கண்டது. அந்தப் பங்கீட்டை எடுத்து ஒரு மாநிலத்தின் மொத்த விற்பனைமேல் வைத்துத் தொழில்துறையின் பங்கு இவ்வளவு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அரிசி வெந்த பானைக்குத்தான் பொருந்தும். நெல் வயலும் உருக்காலையும் தேசிய நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் பாலக்காட்டுக்கு நாட்டின் சராசரியைப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விற்பனையில் அறவே வராத எரிபொருளும் இருக்கிறது. அம்பலமுகளில் உள்ள கொச்சி சுத்திகரிப்பு ஆலை, கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் வாயுவின் ஒரு பகுதியைத் தன் உலைகளிலேயே எரித்துக்கொள்கிறது. யாருக்கும் விற்காததால் அது விற்பனைப் பட்டியலில் இடம்பெறாது. அதைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சேர்க்காத மாநிலக் கணக்கு கேரளத்தின் ஒரு பெரிய தீயையே விட்டுவிடுகிறது.

கீழிருந்து வரும் ஆண்டு ஆய்வு இந்தக் குறைகள் பலவற்றைத் தீர்க்கும். ஏனென்றால் அது எரிக்கும் இடத்தில் கேட்கிறது. ஆனால் அது பதிவு பெற்ற தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டது: மின்விசை இருந்தால் 10 தொழிலாளர், இல்லையென்றால் 20 தொழிலாளர் என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த பொதுவான வரம்பு. வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துச் செங்கல் சூளைகளும் சிறு வேலைக்கூடங்களும் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. தவிர, பெட்ரோல், டீசல், எண்ணெய், மசகு எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுகிறார்கள். மசகு எண்ணெய் பெரும்பாலும் எரிவதில்லை. அந்த ஒரு வரியைப் பிரிக்கும்போது கணக்கெழுதுகிறவர் ஊகத்தை நாடித்தான் ஆக வேண்டும்.

வாளையார் இந்தப் பாடத்துக்கு மிக நல்ல வகுப்பறை. கணவாயின் இந்தப் பக்கத்தில் கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ்; அந்தப் பக்கம் மதுக்கரையில் 1934 முதல் இயங்கிவரும் ஏசிசி ஆலை. சிமெண்ட் உலையின் புகையில் இரண்டு ஊற்றுகளிலிருந்து வரும் கரியமில வாயு கலந்திருக்கிறது. ஒன்று, உலையில் எரிக்கும் நிலக்கரியிலிருந்து வருவது. மற்றொன்று, சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதைந்து சுண்ணாம்பாகும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. சிமெண்டாக அரைப்பதற்கு முன் உலையில் சுட்டெடுக்கும் கட்டிகளைக் கிளிங்கர் என்பார்கள்; ஒரு டன் கிளிங்கருக்கு இது சுமார் அரை டன். முதலாவதை எரிசக்தித் துறையின் கணக்கிலும், இரண்டாவதைத் தொழில்முறைச் செயல்பாடுகள் என்ற தனிக் கணக்கிலும் எழுத வேண்டும் என்பது ஐபிசிசியின் நெறி. ‘தொழிற்சாலை எரிபொருள் உமிழ்வு’ என்று தலைப்பிட்ட அட்டவணையில் கல்லிலிருந்து வந்த வாயுவையும் சேர்த்துவிட்டால் மொத்தம் ஊதிப்போகும். இரண்டு இடத்திலும் விட்டுவிட்டால் ஓர் ஆலையின் பாதிக்கும் மேற்பட்ட உமிழ்வு காணாமல் போகும். அரைப்பதற்கு மட்டும் வெளியிலிருந்து கிளிங்கர் வாங்கிவரும் ஆண்டுகளில் அந்தக் கல்லின் வாயு, கிளிங்கரைச் சுட்ட ஊரின் கணக்குக்கே உரியது. ஆகவே இங்கு சிமெண்ட் மூட்டைகளை எண்ணுவதைவிட, உலையிலிருந்து வெளிவந்த கிளிங்கரின் எடையைக் கேளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. கஞ்சிக்கோட்டின் இண்டக்ஷன் உலைகள் பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்குகின்றன. ஒரு டன்னுக்குச் சுமார் 600 யூனிட் ஆகும். ஆலை வளாகத்தில் எரிபொருள் எரியாததால் நேரடி உமிழ்வுப் பட்டியலில் அவை கிட்டத்தட்ட இடம்பெறாது. கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையமே இல்லை. மின்சாரத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி 2023–24-இல் நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.727 கிலோ கரியமில வாயு. அப்படியானால் உருக்கிய ஒரு டன் இரும்புக்கு 436 கிலோ எங்கோ தொலைவில் உள்ள அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் வெளியேறியிருக்கிறது. இதை எரிபொருள் கணக்கோடு கூட்டிவிடாதீர்கள். பக்கத்தில் தனி வரியாக எழுதுங்கள். கூட்டினால் மின்நிலையம் இருக்கும் மாநிலமும் கேரளமும் ஒரே வாயுவை இரண்டு முறை எண்ணியதாகும். எழுதாமலே விட்டால், மின்சாரத்தை வாங்கி எரிக்கும் மாநிலம் தூய்மையான மாநிலமாகத் தோற்றமளிக்கும். கேரளத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்படும் சில ஒப்பீடுகளில் இந்த வரி இல்லை என்பதைக் கவனித்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

உமியும் விறகும் எழுப்பும் கேள்வி வேறு. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்றில் பாய்லர் அறைக்குள் நின்றால், மேலேயிருந்து உமி சரசரவென்று அடுப்புக்குள் இறங்குவதும், கீழே சாம்பலை ஒருவர் ஈரச் சாக்கால் மூடி இழுத்துச் செல்வதும் தெரியும். அந்த உமியை எவரும் நிறுப்பதில்லை. நிறுக்கத் தேவையும் இல்லை என்றே ஆலைக்காரர் நினைப்பார், தன் நெல்லின் உமிதானே என்று. ஆனால் நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால், அரைத்த நெல்லின் பதிவேடு போதும். வெளியே விற்ற உமியைக் கழித்துக்கொண்டால் எரித்தது கிடைத்துவிடும். உமியிலிருந்து வரும் கரியமில வாயு, அடுத்த போகம் நெல் வளரும்போது காற்றிலிருந்து திரும்ப எடுக்கப்படுவதால் மொத்தத்தில் கூட்டப்படுவதில்லை. தகவலுக்காகத் தனியே குறிக்கப்படுகிறது. அதிலிருந்து வெளியேறும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கணக்கில் சேரும். விறகுக்கும் இதே விதிதான். வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளரவில்லை என்றால் அந்த இழப்பு நிலப் பயன்பாட்டுக் கணக்கில் ஏறும். நிலக்கரியோடு விறகையும் கலந்து எரிக்கும் ஆலைகளில் இரண்டையும் ‘திட எரிபொருள்’ என்று ஒரே பத்தியில் எழுதியிருப்பதைக் கண்டால், பிரித்து வாங்காமல் நகராதீர்கள்.

வெளியிடப்பட்ட கணக்குகள் எவை என்ற கேள்விக்கு வருகிறேன். ஐ.நா. காலநிலை மாநாட்டு அமைப்புக்கு இந்திய அரசு அனுப்பும் அறிக்கைகளில் நாட்டின் மொத்தம் மட்டுமே உண்டு. 2024 டிசம்பரில் அனுப்பிய நான்காவது ஈராண்டு அறிக்கையின்படி, 2020-இல் நாட்டின் மொத்த உமிழ்வு காடு, நிலப் பயன்பாட்டை நீக்கி 295.9 கோடி டன் கரியமில வாயுவுக்கு இணை (மற்ற பசுமைக்குடில் வாயுக்களையும் கரியமில வாயுவின் அளவாக மாற்றிக் கூட்டியது). அதில் எரிசக்தித் துறை 75.66 விழுக்காடு, தொழில்முறைச் செயல்பாடுகள் 8.06 விழுக்காடு. மாநிலவாரியாக ஜிஹெச்ஜி பிளாட்ஃபார்ம் இந்தியா என்ற தன்னார்வ அமைப்புகளின் கூட்டு, 2005 முதல் 2018 வரையிலான மதிப்பீடுகளை வெளியிட்டிருக்கிறது; முறை விளக்கத்தோடு கிடைப்பதால் நீங்கள் அதிலிருந்து தொடங்கலாம். பெரிய ஆலைகளுக்கு, எரிசக்திச் சிக்கனத்துக்கு இலக்கு விதிக்கும் எரிசக்தித் திறன் பணியகத்தின் பேட் (PAT) திட்டம் 2012 முதல் இயங்கிவருகிறது. அதன் கீழ் வரும் ஆலைகள் ஒவ்வோர் ஆண்டும் எரிபொருள் வாரியாகத் தங்கள் நுகர்வைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவை. 2023-இல் அறிவிக்கப்பட்ட, உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை வாங்கி விற்கும் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அதையே உமிழ்வுக் கணக்காக மாற்றுகிறது. பணம் கைமாறப்போகும் கணக்கு என்பதால், சரிபார்ப்பு இனியாவது இறுகும் என்று எதிர்பார்க்கிறேன்.

பாலக்காட்டுக்கு மட்டும் உங்களால் கணக்கு எழுத முடியுமா? முடியும், மாவட்டம் சிறிதாக இருப்பதே வசதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆலைக்கும் கொடுக்கும் இயக்க இசைவு ஆணையில் பாய்லரின் திறன், எரிபொருளின் வகை, அளவு குறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறையிடம் பதிவான பாய்லர்களின் பட்டியல் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் எந்த வளாகத்தில் என்ன எரிகிறது என்ற வரைபடம் கிடைத்துவிடும். இசைவு ஆணையில் இருப்பது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு, எரித்த அளவல்ல என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. எல்லை தாண்டி வரும் நிலக்கரி, பெட்கோக், ஃபர்னஸ் ஆயில் ஆகியவற்றுக்கு 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் சரக்குக் குறியீடு உண்டு, இறங்கும் இடத்தின் அஞ்சல் குறியீடும் உண்டு. வாளையாரில் வரிச் சோதனைச் சாவடி இருந்த நாட்களில் தாள்களாகக் குவிந்துகொண்டிருந்த செய்தி இப்போது கணினியில் இருக்கிறது. பெயர்களை நீக்கி, குறியீடு வாரியாக மாவட்டத்தின் மொத்தத்தை மட்டும் தரும்படி உங்கள் துறைத் தலைவர் வழியாக மாநில வரித்துறைக்கு எழுதிக் கேளுங்கள். மாநிலம் தானே இதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டீசல் இ-வே பில்லுக்கு வெளியே நிற்பதால் அதற்கு ஆலைகளிடம்தான் போக வேண்டும்.

ஆலைக்குப் போகும்போது கணக்குப்பிள்ளையின் அறையோடு நிறுத்திக்கொள்ளாமல், உலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு எண்ணெய்த் தொட்டிவரை செல்லுங்கள். ஒருமுறை நான் தணிக்கை செய்த ஆலையில், பதிவேட்டில் பதினோரு மாதங்களுக்கு ஒரே எண் எழுதப்பட்டிருந்தது. ஆலை மூன்று வாரம் பூட்டிக் கிடந்த மாதத்துக்கும் அதே எண். வாங்கிய டேங்கரை மாதங்களால் வகுத்து எழுதியிருந்தார்கள். தொட்டிக்கு அருகே போனபோது, அங்கே வேலை செய்த அண்ணன் ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் அளவுகோலை இறக்கி, எண்ணெய் படிந்த உயரத்தைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். தொட்டி தீர்ந்து உலை நின்றுவிடக் கூடாதே என்பதற்காக அவர் தனக்கென வைத்துக்கொண்ட கணக்கு அது. அந்தச் சுவரிலிருந்து எடுத்த எண்கள்தாம் உற்பத்தியோடு பொருந்தின. ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருந்தது: ஃபர்னஸ் ஆயிலைச் சூடாக்கித்தான் ஓடவிடுவார்கள், சூட்டில் அதன் கனஅளவு சில விழுக்காடு கூடிவிடும், ஆகவே தொட்டியின் வெப்பநிலையையும் குறித்து, அந்த வெப்பநிலைக்குரிய அடர்த்தியைக் கொண்டு எடையாக மாற்ற வேண்டும்.

முதலில் ஓர் அரிசி ஆலை, ஒரு ரோலிங் மில், ஒரு சூளை என்று மூன்று இடங்களுக்கு 12 மாதக் கணக்கை எழுதிப் பாருங்கள். வாங்கியது, தொடக்க இருப்பு, இறுதி இருப்பு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். எந்த மாநிலத்தில் வாங்கினார்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அந்தப் பத்தி நிரம்பும்போது, விற்பனைப் புள்ளிவிவரம் நம் மாவட்டத்துக்கு எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது உங்களுக்கே எண்ணாகத் தெரிந்துவிடும்.